காலையில் கடல், மத்தியானம் ஆறு!

பாலித் தீவுக்குப் போய்விட்டு வந்தவர்களிடம் "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் கோயில், குரங்கு, கடற்கரை, கடைவீதி என்று வரிசையாகச் சொல்வார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் மட்டும் பெண்கள் பக்கம் ஒரு தயக்கம். "அவரும் பையனும் இறங்கினாங்க. நான் கரையில பையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்" என்பார்கள். பை பார்த்துக்கொள்ளத்தானா அத்தனை பணம் போட்டு டிக்கெட்? நீச்சல் தெரியாது, வயசாகிவிட்டது, உடுப்பு சரிப்படாது, தாலிச் சங்கிலி, 'அந்த' நாட்கள்... காரணங்கள் நிறைய. அவற்றில் சில நியாயமானவை, சில நாமாகச் சேர்த்துக்கொண்டவை. எது எது என்று பிரித்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பள்ளி விடுமுறையில், மே மாதம், நாங்கள் ஐந்து பேர் போனோம். நான், என் வீட்டுக்காரர், பதினைந்து வயதுப் பெண், பத்து வயதுப் பையன், இவருடைய அக்கா. நாத்தனாருக்கு ஐம்பத்தாறு வயது. பாலியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வெயில் காலம், நவம்பரிலிருந்து மார்ச் வரை மழை. மழைக் காலத்தில் ஆறு பெருக்கெடுக்கும், கடல் கலங்கும். ஆகவே நம் பள்ளி விடுமுறை அங்கே தண்ணீரில் இறங்குவதற்குத் தோதான காலம்.

ஒரே நாளில் ஆற்றில் ரப்பர் படகு, கடலில் படகுப் பயணம், பவளப்பாறைக்கு மேல் மிதந்து மீன் பார்ப்பது மூன்றும் முடியுமா என்று சிலர் கேட்பார்கள். தீவின் கிழக்குப் பகுதியான கரங்காசெம் பக்கம் போனால் முடியும். படாங் பாய் என்ற சின்னத் துறைமுகம், அதை ஒட்டி 'புளூ லகூன்' என்ற குட்டி விரிகுடா. அங்கிருந்து ஒரு மணி நேரம் மலைப்பக்கம் ஏறினால் தெலகா வாஜா ஆறு. நாங்கள் சானூரில் தங்கியிருந்தோம். ஒரு காரை நாள் முழுவதற்கும் பேசிக்கொண்டோம். என் வீட்டுக்காரர் முதலில் ஆற்றுக்குப் போகலாம் என்றார். கார் ஓட்டுகிற பையன்தான், "காலையில கடல் அமைதியா இருக்கும், மத்தியானம் காத்து எழும்பிடும், கடலை முதல்ல முடிங்க" என்று புரியவைத்தான். இன்னொரு லாபமும் உண்டு. காலையில் உடம்பில் ஏறின உப்பை மத்தியானம் ஆற்றுத் தண்ணீர் கழுவிவிடும்!

அதற்கு முந்தின நாள் காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

படகில் குமட்டல் வந்தால் போட்டுக்கொள்ள மாத்திரை தேடிக்கொண்டிருந்தேன். எல்லாருடைய மருந்துப் பையையும் கட்டிலில் கொட்டினேன். நாத்தனாருக்கு ஆறு வருஷமாக ரத்த அழுத்த மாத்திரை உண்டு. அவர் பையில் தைலம் இருந்தது, கால் வலிக் களிம்பு இருந்தது, அந்த அட்டை மட்டும் இல்லை. "அக்கா, பிரஷர் மாத்திரை எங்கே?" என்றேன். முதலில் "இருக்கும், இருக்கும்" என்றார். பிறகு மெதுவாக, "ஊர்லயே வச்சிட்டு வந்துட்டேன் போல. நாலு நாளாச்சு. எதுக்குச் சொல்லணும், அப்புறம் உங்க எல்லார் சந்தோஷமும் கெட்டுப்போகும்" என்றார்.

நம் பெண்கள் எத்தனை பேர் இப்படி இருக்கிறோம்! வலியைச் சொன்னால் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று வாயை மூடிக்கொள்வது. நாத்தனார் மூடிக்கொண்டது நாலு நாள் மருந்தை. ரத்த அழுத்தத்துக்கு வலியும் கிடையாது, அறிகுறியும் பெரும்பாலும் கிடையாது. தலை சுற்றவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

எங்கள் தெருவிலேயே ஒரு கிளினிக் இருந்தது. கூட்டிக்கொண்டு போனேன். அளந்து பார்த்ததில் 170-க்கு 100. அங்கிருந்த டாக்டருக்கு ஆங்கிலம் நன்றாக வந்தது. மாத்திரையின் பெயர் நல்லவேளையாக என் கைபேசியில் பழைய மருந்துச் சீட்டின் படமாக இருந்தது. அம்லோடிபின். அதே மருந்து அங்கேயும் கிடைத்தது. கடைப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் மாறாது. அதனால் அந்தப் பெயரைத்தான் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் இரண்டே வாக்கியம் சொன்னார். படகில் உட்கார்ந்து போகலாம், காரில் போகலாம். கடலில் நீந்தவும் ரப்பர் படகில் ஏறவும் நாளைக்கு வேண்டாம்.

வெளியே வந்ததும் சண்டைதான். "என்னை நோயாளி ஆக்கிட்டே" என்று நாத்தனாருக்குக் கோபம். என் வீட்டுக்காரரோ, "மாத்திரைதான் போட்டாச்சே, ஒரு நாள்தானே, ஒண்ணும் ஆகாது" என்றார். இந்த 'ஒண்ணும் ஆகாது' என்ற வார்த்தைக்கு யாரும் உத்தரவாதம் எழுதித் தருவதில்லை. மாத்திரை இன்று போட்டு இன்றே அழுத்தம் சீராகிவிடாது, சில நாட்கள் பிடிக்கும் என்று டாக்டர் சொன்னதை இரண்டு தடவை சொன்னேன். நாத்தனார் வந்தால் படகு வரைக்கும், இல்லாவிட்டால் நானும் அவருமாக ஹோட்டலில் இருக்கிறோம் என்று முடிவாகச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடி அளந்தபோது கொஞ்சம் இறங்கியிருந்தது. காரில் ஏறினார். படாங் பாய் வரும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

கடலில்

அந்த ஊர்ப் படகுக்கு ஜுகுங் என்று பெயர். ஒல்லியான உடம்பு, இரண்டு பக்கமும் சிலந்திக் கால் மாதிரி நீட்டிய கட்டைகள், அவற்றின் நுனியில் மூங்கில் மிதவை. அலை எந்தப் பக்கம் அடித்தாலும் கவிழாமல் தாங்குவது அந்த மிதவைதான். முகப்பில் தும்பிக்கையும் கண்ணுமாக யானைமீன் வடிவம். 'கஜ மீனா' என்கிறார்கள். நமக்கு அகராதியே வேண்டாம்! பெரிய கப்பலுக்கு அவர்கள் மொழியில் 'கப்பால்'. நம் கப்பல்தான் அங்கே போய்க் கரை சேர்ந்திருக்கிறது. இங்கிலீஷ்காரன் 'கட்டமரான்' என்பதும் நம் கட்டுமரத்தைத்தானே.

படகுக்காரரின் மனைவி தென்னங்குருத்தில் பின்னின சின்னத் தட்டில் பூவும் ஊதுவத்தியும் வைத்து முகப்பில் படைத்தார். நாத்தனார் கை தானாகக் குவிந்தது. "நம்ம ஊர் மார்கழிப் பூசணிப்பூ மாதிரி இருக்கு இல்லே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். சமாதானம் ஆகிவிட்டது.

படகு துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே தூரத்தில் லொம்போக் தீவு. நடுவிலிருக்கும் கடல் மிக ஆழம். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் 1856-ல் இந்தத் தீவிலிருந்து அந்தத் தீவுக்குக் கடந்தபோது, பறவை இனங்களே மாறிப்போயிருப்பதைக் கண்டு வியந்தார். இந்தப் பக்கம் ஆசியா, அந்தப் பக்கம் ஆஸ்திரேலியச் சாயல். பெண்ணுக்குப் பாடத்தில் வந்திருந்ததாம், அவள்தான் காட்டினாள். ஆனால் இந்த ஜலசந்தியில் நீரோட்டம் பலமானது. மேலே பார்த்தால் பால் மாதிரி இருக்கும், அடியில் இழுக்கும். அதனால் விரிகுடாவுக்குள்ளேயே, படகுக்காரர் காட்டின இடத்திலேயே இருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆற்றுக்கு ரப்பர் படகு விடும் கம்பெனியில் படிவம் நீட்டி, இதய நோய் உண்டா, முதுகு வலி உண்டா, கர்ப்பமா என்று கேட்டார்கள். கடலில் படகுக்காரர் ஒன்றுமே கேட்கவில்லை. 'சும்மா மிதக்கிறதுதானே' என்ற எண்ணம். உண்மையில் குழாய் வழியே மூச்சு விடுவது நுரையீரலுக்குச் சாதாரண மூச்சைவிடக் கூடுதல் வேலை. இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், வயதானவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. யாரும் கேட்கவில்லையென்றால் நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். குமட்டல் மாத்திரையும் அப்படியே. பல மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும். அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்காதீர்கள். எங்கள் பெண்ணுக்குக் குமட்டியது. இஞ்சி மிட்டாயும், தூரத்து அடிவானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததும் போதுமாயிருந்தது.

எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு எல்லா வாரையும் இழுத்துக் கட்டினேன். தோளைப் பிடித்துத் தூக்கினால் ஜாக்கெட் காது வரை ஏறக்கூடாது. ஏறினால் அது நம் அளவு இல்லை. முகக் கண்ணாடியைப் பட்டை போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் உள்ளுக்கு இழுத்தால், கை விட்டாலும் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு முடி நடுவில் மாட்டினாலும் தண்ணீர் புகும். நம் கூந்தலுக்கு இரட்டைப் பின்னல்தான் சரி. முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, முகத்தை மட்டும் வைத்து வாயால் மூச்சு விட்டுப் பழகினேன். முதல் இரண்டு நிமிஷம் நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சை மெதுவாக, நீளமாக விட விட அடங்கிவிட்டது. முகம் முழுவதையும் மூடுகிற புதுமாதிரி மூடியைக் கொடுத்தார்கள். தண்ணீர் புகுந்தால் சட்டென்று கழற்ற வராது என்று தோன்றியதால் வேண்டாம் என்று பழைய மாதிரியையே கேட்டு வாங்கினேன்.

பிறகு குனிந்து பார்த்தேன்... என்ன சொல்ல! ஊதா, பழுப்பு, மஞ்சள் என்று பவளப்பாறைகள். கடல் சாமந்தியின் விரல்களுக்குள் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோமாளி மீன் ஒளிந்து ஒளிந்து வந்தது. மற்ற மீனைக் கொட்டுகிற அந்த விரல்கள் இதை ஒன்றும் செய்வதில்லையாம். கிளிமூக்கு வாயோடு ஒரு மீன் பாறையைக் கறுக் கறுக்கென்று கடிக்கும் சத்தம் தண்ணீருக்குள் கேட்டது. அது தின்று அரைத்துக் கழிக்கிறதுதான் கடற்கரை வெள்ளை மணலில் ஒரு பங்கு. இதைக் கேட்டதும் பையனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பவளம் கல் அல்ல, உயிர். சின்னச் சின்னப் பிராணிகள் கட்டின வீடு. கால் வைத்தால் வருஷக் கணக்கில் வளர்ந்தது ஒடிந்துபோகும், நம் காலும் கிழியும், அந்தக் காயம் சீக்கிரம் ஆறாது. நம் மன்னார் வளைகுடாவிலும் இதே பவளம்தான். அங்கே 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியக் கடல் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். வெயிலுக்குப் பூசுகிற சில களிம்புகளிலுள்ள ஆக்ஸிபென்ஸோன் என்ற பொருள் பவளத்துக்கு ஆகாது என்று ஹவாய்த் தீவில் 2021 முதல் அவற்றின் விற்பனையையே தடை செய்துவிட்டார்கள். முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை காற்சட்டையும் போட்டுக்கொண்டால் களிம்புச் செலவும் மிச்சம். குப்புற மிதக்கும்போது முதுகும் முழங்காலின் பின்பக்கமும்தான் வெந்துபோகும். அது அன்று தெரியாது, ராத்திரி தெரியும்!

நானும் இவரும் முறை வைத்து இறங்கினோம். ஒருவர் பிள்ளைகளோடு தண்ணீரில், ஒருவர் படகில். லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறதே என்று குழந்தையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. தண்ணீரில் மூழ்குகிறவர்கள் சினிமாவில் போலக் கத்துவதில்லை, கையாட்டுவதில்லை. சத்தமே இருக்காது. நாத்தனார் படகு விளிம்பில் கையை வைத்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் அவ்வளவு தெளிவு, மேலிருந்தே மீன் கூட்டம் தெரிந்தது. பையன் ஒவ்வொரு தடவை தலை தூக்கும்போதும், "அத்தை, நீலக் கலர்ல ஒண்ணு!" என்று அறிக்கை கொடுத்தான்.

ஆற்றில்

உடுப்பைப் பற்றி முதலில். புடைவையும் துப்பட்டாவும் ஆற்றில் ஆபத்து. படகுக் கயிற்றில், கிளையில் சிக்கும். தாலிச் சங்கிலி விஷயத்தில் நான் செய்தது, நீளச் சங்கிலியைக் கழற்றி ஹோட்டல் பெட்டகத்தில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தோடு ஒட்டிச் சட்டைக்குள் போட்டு, மேலே ஜாக்கெட். மெட்டி குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கிக் கழன்றுவிடும். வாய் மூடின ரப்பர் செருப்புப் போட்டால் உள்ளேயே நிற்கும். 'அந்த' நாட்களாக இருந்தால் நாப்கின் தண்ணீரில் ஊறி உபயோகமில்லாமல் போகும். மாதவிடாய்க் கிண்ணம் பழகினவர்களுக்குக் கவலையில்லை. புதிதாக அங்கே போய்ப் பழக வேண்டாம், இரண்டு மாதம் முன்பே வீட்டில் பழகிக்கொள்ளுங்கள். பாலிக் கோயில்களிலும் அந்த நாட்களில் பெண்கள் உள்ளே போகக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

தெலகா வாஜா ஆறு அகுங் எரிமலையின் பக்கத்திலிருந்து இறங்குகிறது. அந்த மலை 1963-ல் வெடித்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2017-ல் மறுபடி புகைந்து விமான நிலையத்தையே சில நாட்கள் மூட வைத்தது. எரிமலை கொடுத்த மண்ணில்தான் வழியெல்லாம் படிப்படியாக நெல் வயல். அந்தத் தண்ணீரைக் கிராமத்தார் கூடிப் பங்கிடும் 'சுபக்' முறைக்கு 2012-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற மதிப்புக் கிடைத்தது. நம் ஏரிப் பாசனக் குடிமராமத்து ஞாபகம் வந்தது.

உபுட் பக்கம் ஆயுங் என்று இன்னொரு ஆறு உண்டு. அது சாது, ஆனால் இறங்கவும் ஏறவும் நூற்றுக்கணக்கில் படி. முழங்கால் வலிக்காரர்கள் யோசிக்க வேண்டும். தெலகா வாஜாவில் படி குறைவு, தண்ணீரின் வேகம் அதிகம். குழந்தைகளுக்கு எத்தனை வயது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது, முன்பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளும், முதுகில் ஆபரேஷன் ஆனவர்களும், வலிப்பு உள்ளவர்களும் ஏறவே கூடாது. நாத்தனார் காரிலேயே ஆறு முடியும் இடத்துக்குப் போய்க் காத்திருப்பதாக ஏற்பாடு.

ரப்பர் படகில் நாங்கள் நால்வர், பின்னால் வழிகாட்டி. தலைக்கு ஹெல்மெட், கையில் துடுப்பு. ஏறுமுன் பாடம் நடந்தது. 'பூம் பூம்' என்று கத்தினால் பாறையில் மோதப் போகிறோம், கயிற்றைப் பிடி. கிளை தாழ்வாக வந்தால் பின்னால் சாய்ந்து படு. விழுந்துவிட்டால் நிற்க முயற்சி செய்யாதே. ஓடுகிற தண்ணீரில் எழுந்து நின்றால் பாதம் கல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும், தண்ணீர் நம்மை முன்னால் தள்ளிவிடும். மல்லாந்து, காலை ஓட்டம் போகும் பக்கமாக நீட்டி, கட்டை மாதிரி மிதக்க வேண்டும். இதைப் பையனைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். துடுப்பின் கைப்பிடி நுனியை உள்ளங்கையால் மூடிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பல் போய்விடும்!

இரண்டு மணி நேரத்துக்கு மேல். பனிக்கட்டி மாதிரிக் குளிர்ச்சி, பச்சைச் சுவர் மாதிரி இரண்டு கரையிலும் காடு, நடுவே நுரை. பாறையில் மோதிச் சுற்றும்போது நான் போட்ட கூச்சல் எனக்கே புதிது. கடைசியில் சுமார் நாலு மீட்டர் உயர அணையிலிருந்து படகோடு விழ வேண்டும். எல்லாரையும் படகுக்குள் படுக்கச் சொல்லித் தள்ளிவிட்டார். ஒரு கணம் வயிறு தொண்டைக்கு வந்தது, அடுத்த கணம் எல்லாரும் தொப்பலாக நனைந்து சிரித்துக்கொண்டிருந்தோம். வேண்டாம் என்பவர்களை அணைக்கு முன்பே கரையில் இறக்கிவிடுகிறார்கள். சொன்னால் போதும், வெட்கப்பட வேண்டியதில்லை.

முடிவில் கரையில் நாத்தனார் துண்டும் ஃப்ளாஸ்க்கில் இஞ்சித் தேநீருமாக நின்றார். காத்திருந்த நேரத்தில் ஊர்ப் பெண்களிடம் குருத்துத் தட்டுப் பின்னக் கற்றுக்கொண்டிருக்கிறார்! பாஷை இல்லாமல் எப்படியென்று கேட்டதற்கு, "விரலுக்கு எதுக்குப் பாஷை?" என்றார்.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் உஷாராக இருக்க வேண்டும். காய்கறி என்று சொல்லிக் கொடுப்பதிலும் 'தெராசி' என்ற இறால் விழுது கலந்திருக்கும், முக்கியமாகச் சம்பாலில். அப்பளம் மாதிரி இருப்பதும் பெரும்பாலும் இறால் அப்பளம். 'தன்பா இகான், தன்பா உடாங், தன்பா தெராசி' என்று கேளுங்கள். மீன் இல்லாமல், இறால் இல்லாமல், அந்த விழுது இல்லாமல் என்று அர்த்தம். வேக வைத்த காய்மேல் வேர்க்கடலைக் குழம்பு ஊற்றும் காடோ-காடோ, சோயாவைப் புளிக்க வைத்துக் கட்டியாக்கின தெம்பே இரண்டும் பிள்ளைகளுக்குப் பிடித்தன. குழாய்த் தண்ணீர் குடிக்கவும் கூடாது, வாய் கொப்பளிக்கவும் கூடாது. கரங்காசெம் பக்கம் விளையும் சலாக் பழம் தோல் பார்க்கப் பாம்புச் சட்டை மாதிரி, உள்ளே பூண்டுப் பல் போலச் சுளை, மொறுமொறுவென்று இனிப்பும் துவர்ப்பும். இரண்டு கிலோ வாங்கி ஹோட்டல் வருவதற்குள் தீர்த்துவிட்டோம்.

திரும்பியதும் முதல் வேலை, கடலில் போட்ட துணிகளையெல்லாம் சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் அரை மணி ஊற வைத்தேன். உப்போடு சோப்பு சேர்ந்தால் நுரைக்காது, துணியும் விறைக்கும். நிழலில்தான் உலர்த்த வேண்டும். பிள்ளைகள் காதில் தண்ணீர் நின்றிருந்தால் தலையைச் சாய்த்து வடிய விடுங்கள், பஞ்சுக் குச்சியை விடாதீர்கள். நாத்தனார் ராத்திரி எட்டு மணிக்கு மாத்திரை அட்டையை நாங்கள் எல்லாரும் பார்க்கும்படி மேஜைமேல் வைத்து, "இந்தா பாரு, போட்டாச்சு" என்று காட்டிவிட்டுத்தான் விழுங்கினார்.